சாம்பல் நாட்டின் அறுபத்து நான்கு பயணங்கள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணனுக்கு முட்டிவலி, எனக்கு அவர் முட்டிவலியைக் கேட்டுக் கேட்டுக் காதுவலி, மற்றபடி குறையில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பன்னைக் கடிக்கிறாயா?

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உன் அண்ணன்தான். நாம் பேசும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "யாரு செத்தா? எப்போ செத்தா?" என்று உயிரை எடுக்கிறார். 'சாம்பல் நாடு' கதையில் பக்கத்துக்கு ஒருவர் சாவார் என்று எத்தனை தடவை சொல்வது! ஆறு நூலில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காதவருக்கு இழவு விசாரிப்பதில் மட்டும் இத்தனை ஆர்வம்.

சேதிக்கு வருகிறேன். ஏழாம் நூல், அதாவது கடைசி நூல், டிசம்பரில் வருகிறது. அதில் முதல்முறையாக அந்த நாட்டின் வரைபடம் இருக்குமாம். வாசகர்களே வரைந்து அனுப்பலாம். அக்டோபரில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில், பதிப்பகத்துக்காரர் முன்னால் தேர்வு. எல்லோரும் 'பேராசிரியர்' படம்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை, மருந்து வியாபாரி. வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பதால் வட்டத்தில் அந்தப் பட்டம்.

நில அளவை அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகப் படம் வரைகிறேன். ஒரு படத்திலாவது என் பெயர் உண்டா? எல்லாவற்றிலும் மேலதிகாரி கையெழுத்து. இந்த ஒரு படமாவது என் பெயரோடு வெளியே வர வேண்டும், வாலு. ஆசையாக இருக்கிறது.

நீ பஸ் ஓட்டுகிறவள். எந்த ஊருக்கு எத்தனை நேரம் என்பது உனக்கு அத்துப்படி. முதல் மூன்று நூலில் யார் யார் எங்கிருந்து எங்கே எத்தனை நாளில் போனார்கள் என்று பட்டியல் போட்டு அனுப்பு. மீதி மூன்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். பன் கடிக்கிற விஷயத்தை உங்களுக்குச் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் முட்டிக்கு என் அனுதாபம், உங்கள் காதுக்கு என் முழு ஆதரவு.

பட்டியல் இத்துடன். இருபத்தொன்பது பயணங்கள். வண்டி டெப்போவில் நின்ற நேரமெல்லாம் இதே வேலை. கண்டக்டர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, புது ரூட்டா?" என்றார். "ஆமாக்கா, பிணம் ஏத்துற ரூட்டு" என்றேன். அதற்குப் பிறகு அவர் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. முதல் நூலில் விளக்குக்காரி தலைநகரிலிருந்து எலும்புவாசலுக்குக் கழுதையில் போக ஒன்பது நாள். மூன்றாம் நூலில் அதே வழியில், சேற்றில், பிணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறாள். ஏழே நாள்! சரக்கு ஏற்றின வண்டி வெறும் வண்டியைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், அந்த டிரைவரை நான் நேரில் பார்த்துக் காலில் விழ வேண்டும். ஆசிரியர் தூங்கிவிட்டாரா?

இன்னொன்று. ஒற்றைக்கை அரசி போரில் ஜெயிப்பதற்காக இருளிடம் எதைக் கொடுத்தாள்? வட்டத்தில் இன்னும் அவள் பிள்ளை என்றுதான் சொல்கிறார்களா? ஆறு நூல் முடிந்தும் அதைச் சொல்லாமல் இழுத்தடிக்கிறாரே! நான் அவள் கை என்றுதான் நினைக்கிறேன்.

பேராசிரியரை வெளுத்து வாங்குங்கள்.
வாலு


மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

படத்தை வரைந்து முடித்தேன், நகல் இத்துடன். உன் இருபத்தொன்பதும் என் முப்பத்தைந்தும் சேர்த்து அறுபத்து நான்கு பயணங்கள். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் தொடங்கி, அளந்துகொண்டே சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிப்போம். எத்தனை கவனமாக அளந்தாலும் கடைசிக் கோடு முதல் புள்ளியில் சரியாக வந்து உட்காராது, கொஞ்சம் இடைவெளி விழும். அந்தப் பிழையை எல்லாக் கோடுகளுக்கும் பங்கு போட்டுவிட்டால் படம் அழகாக மூடிக்கொள்ளும். சாம்பல் நாட்டிலும் இடைவெளி விழுந்தது, பெரிய இடைவெளி. பங்கு போட்டேன். மூடிக்கொண்டது.

போன ஞாயிறு வட்டத்தில் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "அருமை, அருமை. என் படத்தை என்னைவிட நல்லாப் போட்டிருக்கீங்க" என்றார். ஒரே சிரிப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதான். பின்னாலிருந்து ஒருவர், "அம்மா ஆபீஸ்லயும் காப்பி எடுக்குற வேலைதானே" என்றார்.

நான் காப்பியடிக்கவில்லை, வாலு. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உன் அண்ணன், "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் அப்போது எதையும் சொல்லவில்லை.

சீக்கிரம் பதில் போடு.
அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்கு நான்கு அடி கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அலைச்சல். இப்போது பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஆள் குறைவாம், சில வாரங்களுக்குத்தான். வண்டி வரும் நேரம், போகும் நேரம், தாமதமானால் ஏன் என்று நோட்டில் எழுத வேண்டும். மைக்கில் அறிவிக்கவும் வேண்டும். ஊருக்கே உத்தரவு போடும் குரல் எனக்கு என்று உங்களுக்குத் தெரியாததா!

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். புதுப் பேனா.

விலகுகிறதாவது! உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது, சிரித்தவர்கள் மேல் இல்லை, உங்கள் மேல். நான் ஒன்பது என்றும் ஏழு என்றும் எழுதி அனுப்பினேன். உங்கள் படத்தில் எட்டு என்று இருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? இங்கே ஒரு வண்டி நாற்பது நிமிடம் முன்னாலேயே வந்து நின்றால், அந்த நாற்பது நிமிடத்தை எல்லா டிரைவர்களுக்கும் பங்கு போட மாட்டோம். அந்த டிரைவரைக் கூப்பிட்டு, "எந்த வழியா வந்தே?" என்று கேட்போம். நீங்கள் பிழையைப் பங்கு போட்டதால்தான் உங்கள் படம் பேராசிரியர் படம் ஆகிப்போனது. அவரும் குத்துமதிப்பாக நடுவில்தானே போட்டிருப்பார்!

பங்கு போடுவதற்கு முன்னால் இருந்த கணக்கை அப்படியே அனுப்புங்கள். கொட்டை எழுத்தில் எழுதுங்கள், இந்த அறையில் வெளிச்சம் போதாது.

கோபம் தணிந்துவிட்டது.
வாலு


மே 29

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு சுகம். அங்கு?

திட்டியதற்கு நன்றி. பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகவே பங்கு போட்டுவிட்டது. பிழை என்றால் மறைக்க வேண்டியது என்றே பழகிவிட்டேன்.

அறுபத்து நான்கையும் இப்போது கதை நடந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன், பட்டியல் இத்துடன். நீ கேட்டபடி கொட்டை எழுத்து. அளவுப் பிழை என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இங்கே கூடவே இல்லை. போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறது. எலும்புவாசல் ஒன்பது, எட்டு, ஏழு, கடைசியில் நான்கு நாள். ஒரே ஒரு பயணம்தான் அடம்பிடிக்கிறது. நான்காம் நூலில் தூதன் உப்புக்கோட்டைக்குப் போவது. அது மட்டும் கூடுதலாக நிற்கிறது. ஏன் குறைகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குப் பிடிபடுகிறதா பார்.

உன் கடிதத்தை உன் அண்ணனும் பார்த்தார். பேனா மாற்றினால் எழுத்து இத்தனை பெரிதாகுமா என்று கேட்டார். நானும் கேட்கிறேன். சில வாரம் என்றாயே, வண்டி எப்போது திரும்பக் கிடைக்கும்?

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், நேரமில்லை, கண்டுபிடித்துவிட்டேன்!

எத்தனை நாள் குறைகிறது என்று பார்த்தீர்கள். எப்போது குறைகிறது என்று பாருங்கள். ஒற்றைக்கை அரசி ஐந்து போரில் ஜெயிக்கிறாள். ஒவ்வொரு வெற்றிக்கும் பிறகு ஒரு நாள் குறைகிறது. ஒன்பதில் ஐந்து போனால் நான்கு. அண்ணி, அவள் இருளுக்குக் கொடுத்தது கையை இல்லை, பிள்ளையை இல்லை. நாட்டையே கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வெற்றிக்கும் நாடு சுருங்குகிறது!

எல்லா வழியும் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். தலைநகரிலிருந்து ஊமைக் கிணற்றுக்கு முதல் நூலிலும் இரண்டு நாள், ஆறாம் நூலிலும் இரண்டு நாள். எலும்புவாசல் மாதிரி ஓரத்து ஊர்களுக்குப் போகும் வழி மட்டும்தான் குறைகிறது. அதனால்தான் அரண்மனையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் போய் எதிலாவது மோதினால்தான் அங்கே ஒன்றும் இல்லை என்று தெரியும்.

உடனே சரிபார்த்து எழுதுங்கள்.
வாலு


ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சுகம். நான் சுகத்துக்கும் மேலே.

ஒரு வாரம் விடுப்பு எடுத்துச் சரிபார்த்தேன். அறுபத்து மூன்றும் பொருந்துகின்றன. இழுக்காமல், தேய்க்காமல், பங்கு போடாமல் பொருந்துகின்றன. பத்தொன்பது வருடத்தில் இத்தனை சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. வீட்டுக் கூடத்தில் நின்று கத்தினேன். உன் அண்ணன் ஓடி வந்து, "யாரு செத்தா?" என்றார். "நாடே சாகுதுங்க!" என்றேன்.

ஒரு படம் போதாது. வெற்றிக்கு முன் ஒன்று, ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் ஒன்று, ஆக ஆறு படம், டிரேசிங் தாளில். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பிடித்தால் நாடு சுருங்குவது கண்ணெதிரே தெரியும். தூதன் பயணம் மட்டும் இன்னும் பொருந்தவில்லை. ஏழு நாள் ஆக வேண்டும், ஒன்பது என்று இருக்கிறது. அதை அழிக்க மாட்டேன். சிவப்பு மையில் போட்டுப் பக்கத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதப்போகிறேன். பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கவிழ்க்கலாம். கவிழ்க்கட்டும்.

வாலு, நடுவில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான்கு தடவை படித்தேன். அது புத்தகத்தில் எங்கேயும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்? உன் அண்ணனிடம் சொல்ல மாட்டேன். என்னிடம் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன். இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

மார்ச் இருபதாம் தேதி, பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை டெப்போவுக்குள் திருப்பும்போது இடது பக்கக் கம்பத்தில் இடித்துவிட்டேன். பதினொரு வருடமாக அங்கேயே நிற்கிற கம்பம். அன்றைக்கு என் கண்ணுக்கு அது இல்லை. யாருக்கும் அடியில்லை. மெக்கானிக் சிரித்தார், நானும் சிரித்தேன். கண்டக்டர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நேத்து அந்தப் பக்கம் வந்த சைக்கிளையும் நீ பார்க்கலடி" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தமாம். பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நடுவில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் எனக்குத் தெரியவில்லை. "போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். இனி எனக்கு வண்டி கிடையாது. சில வாரம் என்று உங்களிடம் சொன்னது பொய். புதுப் பேனாவும் பொய்.

அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் நான் வண்டி எடுத்தபோது முன் சீட்டில் உட்கார்ந்து எல்லோரிடமும், "ஓட்டுறது என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவர்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதற்காகப் படத்தைக் கிடப்பில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதீர்கள். இந்த வருடம் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அந்தப் படம்தான். நீங்கள் ஜெயிக்க வேண்டும்.

வாலு


ஆகஸ்ட் 14

என் கண்ணே,

அலுவலகத்தில் வைத்தே பிரித்தேன். அழுதேன், எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். இத்தனை நாள் தனியாக வைத்துப் புழுங்கினாயே என்று கோபமும் வருகிறது. அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணனிடம் நீயேதான் சொல்ல வேண்டும். இன்றைக்கே போன் செய். அவர் அழுவார், பிறகு உனக்கு ஊரில் உள்ள டாக்டர்கள் எல்லோருடைய விலாசத்தையும் சொல்லி உயிரை எடுப்பார். பொறுத்துக்கொள்.

படத்தைக் கிடப்பில் போட மாட்டேன். ஆனால் இனி அது என் படம் இல்லை. நாடு சுருங்குவதைக் கண்டுபிடித்தவள் நீ. இரண்டு பெயரும் போடுகிறேன், மறுபேச்சு கிடையாது. விண்ணப்பத்தில் விலாசம் ஒன்றுதான் கேட்டிருந்தார்கள். உன் பஸ் நிலைய விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

மருந்தை வேளை தவறாமல் போடு.
அண்ணி


அக்டோபர் 19

அன்புள்ள வாலுவுக்கு,

கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாழாய்ப்போன கூட்டமும் அதே நாளிலா வர வேண்டும்! கட்டுப் பிரித்ததும் இதை நீயே படிக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். அண்ணனைப் படிக்கச் சொல்லாதே, நடுநடுவே கேள்வி கேட்பார்.

நூலகத்து மாடி, ஐம்பது பேர். பேராசிரியர் படம் பலகையில், சட்டம் போட்டு. நான் ஆறு தாளையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெயில் நேராக விழுந்தது. முதல் தாளைக் கண்ணாடியில் ஒட்டினேன். "முதல் வெற்றி" என்று சொல்லி அடுத்ததை ஒட்டினேன். மூன்றாம் தாளில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஆறாம் தாளைப் பார்க்கப் பாதிப் பேர் ஜன்னலருகே வந்துவிட்டார்கள்.

பேராசிரியர் எழுந்தார். "இது ஆசிரியரோட கவனக்குறைவும்மா. அதுக்குப் போய் அர்த்தம் கண்டுபிடிக்கிறீங்களே!"

"கவனக்குறைவுன்னா ரெண்டு பக்கமும் விழணும் சார். அறுபத்து மூணும் ஒரே கணக்குல வந்து உட்கார்ந்தா அதுக்குப் பேரு கவனம்."

கை தட்டினார்கள், வாலு. எனக்குக் கை தட்டினார்கள்! அவர் விடவில்லை. சிவப்புக் கோட்டைத் தொட்டு, "அப்போ இது என்ன?" என்றார்.

"பொருந்தல சார். அதனாலதான் சிவப்புல போட்டிருக்கேன். எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன்."

ஓட்டு எடுத்தார்கள். நமக்கு நாற்பத்தொன்று, அவருக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று அவருடையது. "ஏழாம் நூல் வரட்டும், இந்தச் சிவப்புக் கோடு உங்களைக் கவுத்துடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பதிப்பகத்துக்காரர் ஆறு தாளையும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் வாங்கிக்கொண்டு, நேரே ஆசிரியரிடம் காட்டப் போவதாகச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

நம் ஊகம் சரியா என்று இனி அந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் யாருக்கும் பதில் எழுதுகிறவர் இல்லையே.

அண்ணி


டிசம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன், கும்மாளத்துடன். கண் அழுத்தம் நின்றுவிட்டதாம், மிச்சம் இருப்பது நிலைக்கும் என்கிறார் டாக்டர். புத்தகத்தைப் பிரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரி முழுதாகத் தெரிகிறது. ஒரு வரி தெரிந்தால் ஒரு புத்தகம் படிக்கலாம்.

இன்று காலை ஒரு பார்சல் வந்தது. ஏழாம் நூல். முதல் வரியை உங்களுக்காக எழுதுகிறேன்: 'எலும்புவாசல் இருந்த இடத்தில் இப்போது விழுவதற்குக்கூட நிலம் இல்லை.' அண்ணி, நாடு சுருங்குகிறது! அடுத்து நம் ஆறு படங்கள், கீழே நம் இருவர் பெயர். உங்கள் பெயர் முதலில். மேலதிகாரி கையெழுத்து எங்கேயும் இல்லை, இரண்டு தடவை தேடினேன்.

உள்ளே ஒரு கடிதம், ஆசிரியர் கைப்பட. அப்படியே தருகிறேன்: 'இருவருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன். தூதன் பயணத்தை எழுதிய வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். மூன்று வெற்றிகளைக் கழிக்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் கழித்துவிட்டேன். உங்கள் சிவப்புக் கோடு சரி, என் புத்தகம் தவறு. அடுத்த பதிப்பில் ஏழு நாள் என்று திருத்தச் சொல்லிவிட்டேன்.'

படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உங்கள் அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை. எதிரில் மைக் இருந்தது. போட்டேன்.

"பயணிகள் கவனத்துக்கு! சாம்பல் நாட்டுக்குள்ள நடந்த அறுபத்து நாலு பயணமும் சரியாப் பொருந்திடுச்சு. தப்பு எங்க அண்ணியோடது இல்ல, புத்தகத்தோடது. புத்தகத்தையே திருத்துறாங்க! படம் வரைஞ்சது எங்க அண்ணி, அவங்க கூட நானு!"

நிலையமே நின்றது. ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். கண்டக்டர் அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார், என்ன ஏது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நடைமேடை டிரைவர் ஹாரனை அமுக்கினார். அடுத்தவர் அமுக்கினார். பிறகு நிலையத்தில் நின்ற பதினான்கு வண்டியும் சேர்ந்து அலறின.

அதில் மூன்றாம் நடைமேடை வண்டி நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நோட்டில் காரணம் என்ற கட்டத்தில், எழுத்து கோட்டுக்கு வெளியே போகாமல் கவனமாக, 'வெற்றி' என்று எழுதியிருக்கிறேன்.

வாலு